ஏழு பெயரும் இரண்டு பெயரும்

ஜனவரி 11, சனி

இன்றைய கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள். மாதம் மார்கழிதான், ஆனால் இங்கே மண்டபம் கிடைக்கும் நாளே முகூர்த்தம். மண்டபத்தில் உள்ள கதிரைகள் முந்நூறு. மீதிப் பேரை என் புன்னகையின் மேல் உட்காரவைத்துச் சமாளித்தேன். பாரிஸுக்கு வடக்கே, லா கூர்னெவ் என்ற இந்த மாநகரத்தில் (மாநகரம் என்று எழுதுவது என் பெருந்தன்மை), எங்கள் தமிழ்க் கலைமண்டபத்தின் பொறுப்பாளனும் மேடை அறிவிப்பாளனும் கதிரைகளின் சக்கரவர்த்தியுமாகிய இரத்தினசிங்கம் இல்லாவிட்டால், ஐரோப்பாவில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் தாலி ஏறாது.

தவில் உச்சத்துக்குப் போனபோது எனக்குக் குசினியில் அவசர வேலை வந்தது. அது எப்போதும் அந்த நேரத்தில்தான் வரும். அங்கே கவிழ்த்துவைத்த சோற்றுக் கிடாரத்தின் மேல் என் விரல்கள் தன்பாட்டில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணை, தள்ளு. சூடு வருது.”

திரும்பிப் பார்த்தால் ஒரு மலை. கறுத்த, நரைத்த, ஏப்ரன் கட்டிய மலை. கோப்பை கழுவப் புதிதாக ஒரு ஆபிரிக்கரைப் பிடித்திருக்கிறோம் என்று சமையல்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. கொதிநீர்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அவர் என் கையைப் பார்த்தார்.

“உது ஆர் படிப்பிச்சது?”

“ஆரும் படிப்பிக்கேல்லை. உருளைக்கிழங்கு உரிச்சு உரிச்சு வந்தது.”

விமான நிலையத்துச் சுங்க அதிகாரி பெட்டியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு கழுவப் போய்விட்டார்.

பெயர் பூராமா. பாரிஸ் உணவகமொன்றில் நாலு யாழ்ப்பாணத்துச் சமையல்காரரோடு பல வருடம் வேலை செய்ததில் தமிழ் வந்ததாம். அந்தத் தமிழில் கட்டளைகளும் ஏச்சுகளும் மட்டுமே உண்டு. விடைபெறும்போது என் தோளை அன்போடு தட்டி, “கெதியாப் போ, மாட்டுத்தலையா” என்றார். இவ்வளவு மரியாதை எனக்கு அண்மையில் கிடைத்ததில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பூராமாவைச் சாப்பிட அழைத்திருந்தேன். முதுகில் ஒரு யானைக்குட்டியைச் சுமந்து வருவதுபோல் வந்தார். துணியை நீக்கினால் கோரா என்ற வாத்தியம். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்து, நீண்ட தடியில் இருபத்தொரு நரம்பு கட்டியிருக்கிறது. பெருவிரல் இரண்டும் சுட்டுவிரல் இரண்டும்தான் வேலை. மற்ற விரல்கள் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு பார்வையாளராக இருக்கின்றன.

வாசித்தார். மழையை யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல் இருந்தது. என் மனைவி பவளம் அகப்பையோடு வாசலில் நின்றுவிட்டாள். பொங்கல் அடிப்பிடித்தது. நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் என் பேச்சுக்கு அவள் ஒரு பப்படத்தைக்கூடக் கருகவிட்டதில்லை.

“பாடமாட்டியளோ?” என்று கேட்டாள்.

“மாட்டன்.”

“ஏன், குரல் இல்லையோ?”

“இருக்கு. ஆள் இல்லை.”

ஜனவரி 19, ஞாயிறு

பூராமாவின் வரலாறு. அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் செந்தமிழில் பதிகிறேன். என்னுடைய பிரெஞ்சைக் கேட்டால் இந்த நாட்டு இலக்கண ஆசிரியர்கள் கறுப்புக்கொடி பிடிப்பார்கள். ஆயினும் கேட்கும் காது எனக்குண்டு. தன் நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்றார். தாயார் அங்கே இருக்கிறார். ஆற்றுநாடு என்று எழுதுகிறேன்.

இவர் ஜெலி குலம். பிறப்பால் பாடகர்கள். யாருடைய தகப்பன் யார், அந்தத் தகப்பனுக்குத் தகப்பன் யார், எந்தப் போரில் எவன் நின்றான், எவன் ஓடினான் என்பதையெல்லாம் தலைக்குள் வைத்திருந்து சபையில் பாடுகிறவர்கள். பாட்டைச் சொல்லித்தந்தது தாயார். “புத்தகம் எரிந்துபோகும்” என்றார் பூராமா. அதை யாழ்ப்பாணத்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை என்றேன்.

பத்தொன்பது வயதில் தேசிய வானொலி இசைக்குழுவில் சேர்ந்தார். காலைச் செய்திக்கு முன்னால் இவர் குரல்தான். நாடே இவரைக் கேட்டுத்தான் பல் விளக்கியது. மொஸ்கோ, அல்ஜியேர்ஸ், பெர்லின் என்று மேடைகள். இரண்டு கசெற்றுகள். கல்யாண வீடுகளில் பெண்கள் கைவளையலைக் கழற்றி இவர் காலடியில் போடுவார்களாம்.

ஒருநாள் காலை இவர் குரலுக்குப் பதிலாக வானொலியில் இராணுவ வாத்தியம் வந்தது. ஒரு கேர்ணல் ஜனாதிபதியானார். அவருடைய தகப்பன் சைக்கிள் டயர் விற்றவர். “டயர் விற்றதையும் பாடியிருப்பேன். டயரைப் பாட எனக்கு ராகம் இருந்தது” என்றார் பூராமா. கேர்ணலுக்கு அது போதவில்லை. பழைய அரச வம்சத்தில் தன் தகப்பனைச் செருகிப் பாடச் சொன்னார். இசைக்குழுவில் எல்லோரும் பாடினார்கள். இவர் பாடவில்லை. வானொலியில் இருந்த இவருடைய ஒலிநாடாக்களை அழித்தார்கள். கோராவைப் படிக்கட்டில் போட்டு மிதித்தார்கள். இவர் கருவாட்டு மூட்டைகளுக்கு அடியில் படுத்து ஆற்றைக் கடந்தார்.

பக்கத்து நாட்டு ஹோட்டலில் நீச்சல்குளத்தருகே, வெள்ளைக்காரர் இறால் தின்னும்போது வாசித்தார். பிறகு பாரிஸ். மெத்ரோ சுரங்கப்பாதை. அகதி அட்டை. கோப்பை கழுவும் தொட்டி. வாசிப்பதை விடவில்லை. வாயை மட்டும் திறக்கவில்லை.

“ஜெலி காத்துக்குப் பாடமாட்டான், அண்ணை. ஒரு ஆள் வேணும். ஆளின்ரை பேர் வேணும். இஞ்சை ஆருக்குப் பாட? கோப்பை கழுவுற மிஷினுக்கே? அதுக்குத் தேப்பன் பேர் தெரியாது.”

வரலாற்றில் குறித்துக்கொள்க: இந்த மனிதரை நான் பாடவைப்பேன். சித்திரைக் கலைவிழா மேடையில், ஆயிரம் பேர் முன்னால். சிங்கம் முடிவெடுத்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

கதிரைக் கால்களுக்கு ஆணி அடித்தேன். பெருவிரலுக்கும் அடித்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நான் அரசனானேன்.

“ஆள் வேணும் எண்டால் நான் இருக்கிறன். என்ரை பரம்பரையைப் பாடுங்கோ” என்றேன். பூராமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார். பாடப்படுகிறவர் தன் வாயால் பெயர்களைச் சொல்லவேண்டும். ஜெலி கேட்கவேண்டும். இருவரும் ஒரு கோலாக்கொட்டையை உடைத்து ஆளுக்குப் பாதி மெல்லவேண்டும். அதன்பின் அந்தப் பெயர்கள் ஜெலியின் சொத்து. அவற்றுக்கு அவன் பொறுப்பு.

சந்திப்பு லா சப்பல் தேத்தண்ணிக் கடையில். கண்ணாடி ஓரம் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே எங்கள் தமிழ்த் தெரு முழுவதும் விரிந்து கிடந்தது. என் வாய் திறந்தது, சரித்திரம் கொட்டியது. என் தகப்பன் குலசேகர முதலியார், ஊரில் பாதி வயல் அவருடையது. அவர் தகப்பன் மணிமார்பர், யானை கட்டியவர். அவர் தகப்பன் இராசகேசரி, அந்த யானைக்கே யானை கட்டியவர். பின்னர் வீரமார்த்தாண்டர், தங்கத்தேவர், செண்பகராயர், கடைசியில் அரசனின் போர்ப்படையில் தளபதியாக நின்ற கோபுரசிங்கர். ஏழு.

பாரிஸில் உள்ள தமிழரின் பரம்பரை யானைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் புல் மிஞ்சாது. என் யானை இரண்டு கூடினால் யாருக்கு நட்டம்?

“நிச்சயமோ?” என்று பூராமா கேட்டார்.

“சிங்கம் பொய் சொல்லுமோ, காணும்?”

கோலாக்கொட்டை கசந்தது. பாக்குக்கும் மருந்துக்கும் பிறந்த பிள்ளைபோல் ஒரு கசப்பு. தேத்தண்ணி குடித்தும் போகவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

பாடினார்.

எங்கள் வீட்டு இருக்கையறையில், பவளத்தின் இடியப்ப உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தார். முதலில் துருப்பிடித்த கதவு. பிறகு கதவு இல்லை, சுவர் இல்லை, மூன்றாம் மாடியும் இல்லை. மேல்வீட்டுப் போர்த்துக்கேயக் கிழவி, வழமையாகத் தும்புத்தடியால் தரையை இடிப்பவள், இறங்கிவந்து செருப்பில்லாமல் நின்றாள்.

மணிமார்பர் என்று அவர் நீட்டியபோது எனக்கே அந்த மனிதரில் பாசம் வந்தது. கண் கலங்கியது. பவளம் கலங்கவில்லை. “உந்தப் பேரெல்லாம் எங்கையோ பாத்த மாதிரிக் கிடக்கு” என்றாள்.

பெப்ரவரி 9, ஞாயிறு

விழாக்குழுக் கூட்டம். தலைவர் தில்லைநாதன் மாஸ்டர் ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே எங்கள் எல்லோரையும் வகுத்துப் பார்ப்பவர்.

“சித்திரைக் கலைவிழாவிலை ஆபிரிக்கனுக்கு என்ன வேலை, சிங்கம்?”

“போன வருசம் உங்கடை மருமகன் ஹிந்திப் பாட்டுக்கு ஆடினவர், மாஸ்டர். அவருக்கு என்ன வேலை இருந்தது?”

“அது குடும்பம்.”

“இது என்ரை குடும்பப் பாட்டு. ஏழு தலைமுறை.”

மாஸ்டரின் முகத்தில், யாரும் கேளாமல் தன் பரம்பரையைச் சொல்லும் ஆவல் பரவியது. அவருடையது ஒன்பது தலைமுறையாம். பதினைந்து நிமிடம் எனக்கு ஒதுக்கப்பட்டது. நெப்போலியன்கூட இந்த மண்ணில் இவ்வளவு சுலபமாக வென்றதில்லை.

பெப்ரவரி 22, சனி

பவளம் லா சப்பலுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்தாள். பைகளை மேசையில் வைத்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“குலசேகரா புடவைக்கடையிலை மலிவுவிற்பனை. மணிமார்பன் நகைமாடம் பூட்டு. இந்தாங்கோ, உங்கடை பூட்டன்.”

இராசகேசரி அரிசி, பத்துக் கிலோ.

“பகிடிக்குச் சொன்னது” என்றேன்.

“அந்த மனுசனுக்கு அது பகிடியில்லை. தெரியுமோ உங்களுக்கு?”

மழை. தண்ணீர்க்குழாய் ஒழுகுகிறது. திருத்தினேன்.

மார்ச் 8, சனி

பூராமா புதுச் சட்டை போட்டு வந்தார். நல்ல கோட் அணிந்த ஒருவர் அவருடைய விடுதிக்கு வந்தாராம், ஆற்றுநாட்டுத் தூதரகத்தின் பெயரால். பழையதை மறப்போம் என்றாராம். ஏப்ரலில் கேர்ணல் பாரிஸ் வருகிறார். ஒரு விருந்தில் அந்த வம்சப் பாட்டைப் பாடினால் போதும். கடவுச்சீட்டு வரும், வானொலி வரும், தாயைப் பார்க்கலாம். தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது. விமானம் ஏறமாட்டார்.

“என்ன சொன்னீங்கள்?” என்று பவளம் கேட்டாள்.

பூராமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் விவரிக்கப்போவதில்லை.

“எனக்கு ஒரு ஆள் இருக்கு எண்டு சொன்னன். ஏழு பேர் இருக்கு. ஒண்டும் பொய்யில்லை. என்ரை வாய் இப்ப சுத்தம். உன்ரை கேர்ணலைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு எண்டன்.”

தாயாருக்குத் தொலைபேசியில் சொன்னாராம். அந்த ஆள் நல்ல ஆளா என்று அவர் கேட்டாராம். “நல்ல ஆள் எண்டு சொன்னன், அண்ணை.”

பவளம் அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அடுப்பு எரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தலையிடி.

மார்ச் 12, புதன்

மண்டபத்துத் திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்க்கப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. தோய்க்க வேண்டியிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

பூராமா ஒத்திகைக்கு வந்தார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். பவளம் கதவைத் திறந்து, “காய்ச்சல் எண்டு சொல்லச் சொன்னவர்” என்றாள். மனைவியின் விசுவாசம் பற்றி இந்தக் குறிப்பேட்டில் முன்னர் ஏதும் எழுதியிருந்தால் அழித்துவிடுகிறேன்.

மார்ச் 20, வியாழன்

சொன்னேன்.

பக்கத்து நகரமான செந்தனியில் தொழிலாளர் விடுதி, அவருடைய அறை. ஒரு கட்டில், ஒரு கதிரை, கோரா. கதிரை கோராவுக்கு. நான் நின்றபடியே சொன்னேன். புடவைக்கடை, நகைக்கடை, அரிசி, சலூன். கோபுரசிங்கர் ஒரு பயண முகவர் நிலையம் என்பதையும் சொன்னேன். முதல்முறையாக என் கதையில் யானை எதுவும் வரவில்லை.

பூராமா கோராவைத் துணியால் மூடினார். மெதுவாக, பிள்ளைக்குப் போர்த்துவதுபோல். பிறகு தமிழில் சொன்னார்.

“போங்கோ.”

இவ்வளவு காலத்தில் என்னிடம் அவர் மரியாதையாகப் பேசிய முதல் சொல். மாட்டுத்தலையா என்று ஏசியிருந்தால் படியில் நேராக இறங்கியிருப்பேன்.

மார்ச் 21, வெள்ளி

கல்யாணம். கோப்பை கழுவ அவர் வரவில்லை. நான் கழுவினேன்.

மார்ச் 30, ஞாயிறு

மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவில் மலை நின்றது. வந்து ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இதற்குப் பிறகு பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசியதை என்னால் இயன்ற அளவு பதிகிறேன்.

கேர்ணலை எப்படியும் மறுத்திருப்பாராம். அதற்காக என்மேல் கோபமில்லை. ஆனால் நிமிர்ந்து நின்று, வாய் சுத்தம் என்று சொல்லி மறுத்தார். அந்த வாய்க்குள் ஒரு புடவைக்கடை இருந்தது. கோபம் அதற்குத்தான்.

“வாய் பொய் சொல்லிச்சு, சரி. உன்ரை விரல் பொய் சொல்லேல்லை. கிடாரத்திலை கண்டனான். கிழங்கு உரிச்சு அது வராது. ஆர் படிப்பிச்சது?”

நான் கதிரைகளை அடுக்கினேன். அடுக்கியவற்றைத் திரும்பக் கலைத்து அடுக்கினேன். அவருக்கு நேரம் இருந்தது.

என் தகப்பன் பெயர் கணவதி. பறை அடித்தவர். சாவீடுகளில் முன்னால் போய் அடித்தார், அவருடைய தகப்பன் அடித்ததுபோல. வீட்டுப் படலைக்கு வெளியே நின்று அடித்தார், வெளியே நின்று சாப்பிட்டார். அவர் பெயரை அவருடைய பேரன் வயதுப் பிள்ளைகள் படலையில் நின்று கூப்பிட, அவர் ‘ஓம் தம்பி’ என்று போவதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். என் தகப்பனின் பெயர் அப்படிக் கூப்பிடத்தான் உண்டாக்கப்பட்டது என்றுகூடச் சின்ன வயதில் நினைத்தேன். நான் இங்கே வந்து இறங்கிய அன்று யாரோ ஒருவர், “தம்பி எந்தப் பகுதி, ஆரின்ரை மகன்?” என்று கேட்டார். முதல் யானை அன்றுதான் பிறந்தது. பவளத்துக்குத் தெரியும். இங்கே வேறு ஒருவருக்கும் தெரியாது.

பூராமா சிரிக்கத் தொடங்கினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சிரிப்பை நிறுத்தாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டேய் மாட்டுத்தலையா. நீ எங்கடை ஆள்.”

ஆற்றுநாட்டிலும் ஜெலி வீட்டுக்குப் பெரிய குடிகள் பெண் கொடுப்பதில்லையாம். அரசன் பாட்டைக் கேட்பான், பரிசு தருவான், சாப்பாட்டைத் தனியே வைப்பான். “அப்ப ஏன் காணும் இந்த நிமிர்வு?” என்று கேட்டேன். “நாங்கள் வாய் மூடினால் அவங்களுக்குத் தங்கடை தேப்பன் ஆரெண்டு தெரியாது. அதாலை” என்றார்.

அவருடைய தாயாரின் வழியில், பாடுகிற குடியையும் யாராவது பாடத்தான் வேண்டுமாம். எத்தனை பெயர் தெரியும் என்று கேட்டார். இரண்டு என்றேன். கணவதி, அவர் தகப்பன் சின்னவன். அதற்குமேல் யாரும் எங்களுக்குச் சொல்லிவைக்கவில்லை.

“ரெண்டு காணும்.”

பிறகு முறையைச் சொன்னார். பொய் சொன்ன வாய் தனியறையில் திருந்தினால் செல்லாது. சபையில், பாட்டுக்கு முன்னால், நானே எழுந்து அந்தப் பெயர்களைச் சொல்லவேண்டும். நான் சொன்னால் அவர் எடுத்துப் பாடுவார். சொல்லாவிட்டால் கோராவைத் தூக்கிக்கொண்டு போவார், இனி யாருக்கும் பாடமாட்டார்.

“ஆயிரம் பேர் வருவினம்” என்றேன்.

“முந்நூறு கதிரை” என்றார். எண்ணியிருக்கிறார்.

ஏப்ரல் 5, சனி

சொல்லக்கூடாது என்பதற்குப் பதினான்கு காரணங்கள் கண்டுபிடித்தேன். பவளத்துக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டு கேட்டாள்.

“அந்த மனுசன் தாயைப் பாக்கிற வழியையே விட்டிட்டு நிக்குது. உங்களுக்கு மைக்கிலை ரெண்டு பேர் சொல்லேலாதோ? மைக்கைக் கண்டால் விடாத ஆள்.”

பதினான்கும் கீரைத்தண்டோடு குப்பைக்குப் போயின.

ஏப்ரல் 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாஸ்டரும் மனைவியும். குழந்தைகளின் நடனம் முடிந்தது. பூராமா வெள்ளை அங்கியில் மேடைக்கு வந்து, கோராவை மடியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். மைக் என் கையில். வழமையாக இந்தக் கை மைக்கைப் பிடித்தால் பக்கத்து நகரசபையே மின்சாரத்தை நிறுத்தினால்தான் ஓயும்.

“பெரியோர்களே. மாசி மாதம் முழுக்க என்ரை பரம்பரை ஏழு தலைமுறை எண்டு உங்களுக்குச் சொல்லித் திரிஞ்சன். அது லா சப்பல் கடைப்பேர்கள். நீங்கள் எல்லாரும் அங்கை சாமான் வாங்கினனீங்கள்.”

சிரித்தார்கள். சிங்கத்தின் பகிடி என்று நினைத்தார்கள். நான் அங்கேயே நின்றிருக்கலாம். கைதட்டோடு இறங்கியிருக்கலாம். பூராமாவின் பெருவிரல் ஒரு நரம்பின் மேல் இருந்தது, அது அசையவில்லை.

“என்ரை தேப்பன் கணவதி. பறை அடிச்சவர். அவரின்ரை தேப்பன் சின்னவன். அவரும் அடிச்சவர். இவர் அவையளைப் பாடுவார்.”

சிரிப்பு நின்றது. மாஸ்டர் தன் சால்வையைச் சரிசெய்தார். மூன்றாம் வரிசையில் இருவர் எழுந்து வெளியே போனார்கள். பின்னால் ஒரு குடும்பம். அவர்கள் கார் எடுக்கப் போனதாக எழுதலாம். எழுதவில்லை.

பூராமா காதைப் பொத்திக்கொண்டு பாடினார். கணவதி என்ற நான்கெழுத்துக்கு எந்தச் சபையிலும் இடம் இருந்ததில்லை. இன்று அது மண்டபத்தில் அடங்கவில்லை. பின் சின்னவன். பின் மீண்டும் கணவதி. என்ன பாடினார் என்று பிறகு கேட்டேன்: செத்தவர்களை வழியனுப்ப இவர்கள் முன்னால் நடந்தார்கள், இவர்கள் அடிக்காமல் ஒரு பெரியவரும் அந்த ஊரிலிருந்து போனதில்லை என்று பாடினாராம். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினைந்து நிமிடம் முப்பது நிமிடமானது. பவளம் கடைசி வரிசையில் எழுந்து நின்றாள், முடியும்வரை உட்காரவில்லை.

கைதட்டு எப்படி என்றால், பாதி மண்டபம் தட்டியது. மற்றப் பாதி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். எனக்கு வயது போய்விட்டதாம், ஓய்வு தேவையாம், இளைஞர் அறிவிக்கட்டுமாம். “கதிரையை மட்டும் நீர் பாரும்” என்றார். கதிரையையும் இளைஞரே பார்க்கட்டும் என்றேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தேவாலயத்துப் பாதிரியாரிடம் போனேன். நிலவறையை ஞாயிறு பின்னேரங்களில் தர ஒப்புக்கொண்டார். எழுபது பேர் கொள்ளும். என் அறிவிப்புக்கு அந்த அறை தாங்காது. ஆயினும் பாட்டுக்குப் போதும். பூராமாவுக்கு இனி ஞாயிறுகளில் கோப்பை இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மாஸ்டரின் மனைவி வந்தார். வாசலிலேயே நின்று, பவளத்திடம் மெல்லக் கேட்டார்.

“அந்தப் பாட்டுக்காரர் மற்றாக்களின்ரை பேரும் பாடுவாரோ?”

“பாடுவார். வாயாலை சொல்லவேணும். உண்மையாச் சொல்லவேணும்.”

“என்ரை அம்மாவின்ரை அப்பா. எங்கடை வீட்டிலை அவரின்ரை பேர் எடுக்கிறேல்லை.” படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். “இவர் தன்ரை ஒன்பதோடை என்ரை ஆக்களையும் சேத்துச் சொல்லுவார். அதிலையும் அவர் இல்லை.”

நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. பூராமா கேட்பார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நிலவறையில் முதல் ஞாயிறு. நாற்பது பேர் வந்தார்கள். அதிகப்படுத்தாமல் எழுதுவது கடினமாக இருக்கிறது: முப்பத்தெட்டு.

கலைவிழாப் பாட்டைப் பவளம் தன் தொலைபேசியில் பதிந்திருந்தாள். பூராமா அதைத் தாயாருக்கு அனுப்பியிருந்தார். இன்று எல்லோரும் போனபின் தாயாரின் அழைப்பு வந்தது. படத்தில் ஒரு நெற்றியும் முக்காடும் மட்டும் தெரிந்தன. இவ்வளவு காலத்துக்குப் பிறகு மகன் வாய் திறந்து பாடியதைக் கேட்ட தாய் என்ன சொல்லுவார்? அழுவார் என்று எதிர்பார்த்துப் பவளம் கைக்குட்டையோடு நின்றாள்.

அவர் ஏசினார். மொழி புரியாமலே அது ஏச்சு என்று தெரிந்தது. மலை, தலை குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நின்றது.

“என்னவாம்?” என்றேன்.

“முதல் பேர் நல்லா வந்ததாம். ரெண்டாம் பேரை விழுங்கிட்டனாம். அப்பிடிப் பாடவோ உனக்குச் சொல்லித்தந்தனான் எண்டு கேக்கிறா.”

“நீர் நல்லாத்தானே பாடினீர்.”

“நீ தந்தபடி எடுத்தனான், அண்ணை. மைக்கிலை நீதான் அதை விழுங்கினனீ.”

உண்மை. சின்னவன் என்று சொன்னபோது என் குரல் காலடிக்குப் போய்விட்டது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஒரு கிழவியின் காதுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

தாயார் மறுபடி ஏதோ கேட்டார். பூராமா கோராவை எடுத்து மடியில் நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்பவே திருப்பிப் பாடட்டாம். அதுக்கு முதல் கேக்கிறா, ஆர் அந்த மனுசன், என்ன செய்தவர் எண்டு.”

நான் தொலைபேசியைக் கையில் வாங்கினேன். அந்த நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு, நிலவறைச் சுவர் திருப்பிச் சொல்லும்படி சொன்னேன்.

“சின்னவன். என்ரை அப்பப்பா. அவர் பறை எடுத்தால் மூண்டு ஊருக்குக் கேக்கும் எண்டு சொல்லும்.”

பூராமாவின் பெருவிரல் நரம்பில் இருந்தது. புருவத்தை உயர்த்தினார். “நிச்சயமோ?”

யோசித்துப் பார்த்தேன்.

“ரெண்டு ஊருக்குக் கட்டாயம் கேக்கும்” என்றேன். அவர் பாடத் தொடங்கினார்.